ஐந்து பேர் பேசினால் குழு ஆகிவிடுமா?

(சித்தூரில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெலுங்கும் தமிழும் ஒரே டீக்கடையில் கலந்து பேசப்படுகிற ஊரில் நின்று தமிழில் பேசுகிறேன். நடுநடுவே ஆங்கிலச் சொற்களும் வரும். உங்கள் பேச்சிலும் அவை வருகின்றன என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பொருளை அவை முன் விளக்குவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு செமினார் முடிந்தபின் அதைத் திரும்பிப் பார்ப்பது எப்படி, அடுத்ததை மேம்படுத்துவது எப்படி என்பது கேள்வி. கையை எங்கே வைத்துக்கொள்வது, ஸ்லைடுக்கு எந்த நிறம் போடுவது என்றெல்லாம் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு குழு மேடையில் தடுமாறினால், அந்தத் தடுமாற்றம் வேலையைப் பங்கு பிரித்த அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று பொருள். திருத்தத்தையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

"அது என் பார்ட் இல்லை சார்"

அண்மையில் ஒரு குழுவின் செமினாரைக் கேட்டேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். உங்களில் பலருடைய செமினாரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

எடுத்துக்கொண்ட பொருள், சித்தூர் வட்டாரத்து மாம்பழக் கூழ்த் தொழில். அருமையான பொருள். தோதாபுரி, அதாவது பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் நாம் சொல்கிற ரகம், இந்த மண்ணின் பணப்பயிர். அதில் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குத்தான் போகிறது. 2025 பருவத்தில் விலை சரிந்து, ஆலை வாசல்களில் பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அதில் 8 ரூபாயை ஆலை கொடுக்க வேண்டும், 4 ரூபாயை அரசு மானியமாகக் கொடுக்கும் என்பது ஏற்பாடு.

குழுவில் ஐந்து பேர். முதலாமவர் மாம்பழத்தின் வரலாறு சொன்னார். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் அவருக்கே போய்விட்டது. இரண்டாமவர் ஆலையில் கூழ் எடுக்கும் முறை. மூன்றாமவர் விலை. நான்காமவர் ஏற்றுமதி. ஐந்தாமவருக்கு மிஞ்சியது முப்பது விநாடி. முடிவுரை ஸ்லைடைக் காட்டி, அடுத்து நன்றி ஸ்லைடைக் காட்டி, "எனி கொஸ்டின்ஸ்?" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஆலைக்காரர் எட்டு ரூபாயைத் தரவில்லை என்றால் விவசாயி யாரிடம் போய்க் கேட்பார்?" நல்ல கேள்வி. அந்தப் பொருளின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏற்றுமதி பேசியவர், "அது என் பார்ட் இல்லை சார்" என்றார். விலை பேசியவருக்கு விலை தெரியும். ஆனால் ஆலைக்குள் நடப்பது தெரியாது. ஆலை பற்றிப் பேசியவருக்கு இயந்திரங்கள் தெரியும். அங்கே பழத்தை இறக்கிவிட்டுப் போகிறவரைத் தெரியாது.

இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஒவ்வொருவரும் தம் பகுதியை ஓரளவு படித்துத்தான் வந்திருந்தார்கள். ஆனால் நாங்கள் கேட்டது ஒரு விளக்கத்தை அல்ல, ஐந்து குட்டிப் பேச்சுகளை. பங்கு பிரிக்கும்போது பொருளையும் சேர்த்துப் பிரித்துவிட்டார்கள். பிரித்ததை மறுபடி யாரும் ஒட்டவில்லை.

எட்டுப் பேர் இழுத்த கயிறு

குழு பெரிதானால் வேலை எளிதாகும் என்று நினைக்கிறோம். நூறாண்டுக்கு முன்பே இதை ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார். 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது வந்த விசை, அந்த எட்டுப் பேரும் தனித்தனியே இழுத்தால் வரக்கூடிய மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான்.

மீதிப் பாதி எங்கே போயிற்று? இரண்டு வழியில் போகிறது என்று பின்னால் வந்த உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை. மற்றொன்று, பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே கையைத் தளரவைக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணைக் கட்டிக் கயிறு இழுக்கச் சொன்னார்கள். பின்னால் நிற்பவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. கண் கட்டப்பட்டவருக்கு அது தெரியாது. தான் தனியாக இழுத்தபோது போட்ட பலத்தை அவர் இப்போது போடவில்லை. 1979-இல் பிப் லடானேயும் அவருடன் இருந்த இருவரும் மாணவர்களைக் கைதட்டச் சொல்லி, கத்தச் சொல்லி இதே முடிவைக் கண்டார்கள். அடுத்த இரண்டாண்டில் மருந்தும் கிடைத்தது. கூட்டத்திலும் உன் சத்தம் எவ்வளவு என்பது தனியாகத் தெரியும் என்று சொன்னவுடன் தளர்ச்சி மறைந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் செமினாரைப் பாருங்கள். இரண்டு இழப்பும் அங்கே இருக்கிறது. ஒரே மதிப்பெண் ஐந்து பேருக்கும் என்றால் கை தளர்கிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் கேட்காவிட்டால் இழுப்பு சேர்வதில்லை. கை தளர்வதை ஆசிரியர் சரிசெய்ய வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இழுப்பு சேராததை நீங்கள்தான் சரிசெய்ய முடியும்.

அதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்குள்ள ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகள், மொத்தம் 1,024 ஆண்டெனாக்கள். அந்த மைதானத்தில் ஒரு ஆண்டெனாவைத் தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆயிரத்துச் சொச்சமும் குறித்த ஒழுங்கில், ஒன்றின் அலை மற்றதன் அலையோடு பொருந்தும்படி அனுப்பும்போதுதான் அது ஒரே கற்றையாகி வானத்துக்குப் போகிறது. பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் வேகத்தை அளந்து சொல்கிறது. அந்தப் பொருத்தம் தவறினால் மின்சாரம் அவ்வளவும் செலவாகும், கற்றை இருக்காது. உங்கள் ஐந்து பேரிடமும் உழைப்பு இருக்கிறது. பொருத்தத்துக்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

கூத்துமேடையில் கற்க வேண்டியது

குழுவாக மேடையேறுவது நமக்குப் புதிதில்லை. புத்தூர், நகரி, சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் கதை சொல்கிறார்கள், இரவில் அதையே கூத்தாக ஆடுகிறார்கள். தெலுங்குக்காரர் தெலுங்கில் ஆடுகிறார், தமிழர் தமிழில் ஆடுகிறார். சில ஊர்களில் இரண்டும் கேட்கலாம். அங்கே அர்ச்சுனன் வேஷக்காரருக்கு அர்ச்சுனன் பாட்டு மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டில் வாங்கிப் பாடுகிறார்கள். வேஷம் கட்டியவர்கூட மேடையை விட்டு விலகியதும் பின்பாட்டுக்குக் குரல் கொடுப்பது உண்டு. கதை முழுவதும் எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது. கட்டியக்காரன் வந்து முன்கதையையும் பின்கதையையும் இணைக்கிறான், வேஷக்காரனையே கேலி செய்கிறான், தூங்கி வழிகிறவரை எழுப்புகிறான். "அது என் பார்ட் இல்லை" என்ற பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது.

கேள்விகளை எதிர்கொள்வதற்கும் நம் மரபில் ஒரு பயிற்சிக்களம் இருந்திருக்கிறது. தெலுங்கில் அஷ்டாவதானம் இன்றும் உயிரோடு இருக்கிற கலை. கலையை நிகழ்த்தும் அவதானியைச் சுற்றி எட்டுப் பிருச்சகர்கள், அதாவது கேள்வி கேட்பவர்கள், உட்கார்ந்து ஆளுக்கொரு விதமாகச் சோதிப்பார்கள். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் எழுத்தைத் தடுப்பார். அவர்களில் ஒருவருடைய வேலை சம்பந்தமில்லாத பேச்சுப் பேசிக் குறுக்கிடுவது. அப்ரஸ்துத பிரசங்கம் என்று அதற்குப் பெயர். அவருக்குச் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொல்லிக்கொண்டே, விட்ட பாட்டின் அடியை அவதானி தொடர வேண்டும். தமிழிலும் அவதானக் கலை இருந்தது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு பொருளில் கவனம் வைத்துக் காட்டினார்.

தெலுங்கு அவதானிகளில் திருப்பதி வேங்கட கவுலு என்று இரட்டைக் கவிஞர்கள் இருந்தார்கள். பெயரில் திருப்பதி இருந்தாலும் கோதாவரிப் பக்கத்துக்காரர்கள். திவாகர்ல திருப்பதி சாஸ்திரி, செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி. இருவரும் சேர்ந்தே அவதானம் செய்தார்கள். எழுதியதையெல்லாம் இருவர் பெயரிலும் வெளியிட்டார்கள். திருப்பதி சாஸ்திரி மறைந்தபின் பல ஆண்டுகள் வாழ்ந்த வேங்கட சாஸ்திரி, தாம் தனியாக எழுதியவற்றையும் இருவர் பெயரிலேயே வெளியிட்டார். எது யாருடைய பார்ட் என்ற கணக்கே அவர்களிடம் இல்லை.

மேடைக்கு முன்னால்

சரி, நடைமுறைக்கு வருவோம்.

முதலில், வேலையைப் பிரிக்கும் முன் ஐந்து பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். கேட்டவர் வீட்டுக்குப் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற வாக்கியம். மாம்பழக் குழு இப்படி எழுதியிருக்கலாம்: 'பழுத்த பழம் காத்திருக்காது, ஆலை காத்திருக்கும், அதனால் விலை பேசும் பலம் ஆலையிடம் இருக்கிறது.' இந்த ஒரு வாக்கியம் கையில் இருந்தால் வரலாறு ஸ்லைடு தானாகவே போய்விடும். ஆலை இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர், ஓர் ஆலை ஒரு நாளைக்கு எவ்வளவு பழத்தை வாங்க முடியும் என்பதைத் தேடிப் போவார். ஏற்றுமதி பேசுகிறவர், வெளிநாட்டில் கூழ் தேங்கினால் இங்கே டிராக்டர் ஏன் தேங்குகிறது என்று சொல்வார். ஐந்து பேச்சும் ஒரே பேச்சின் ஐந்து படிகளாகிவிடும்.

அடுத்தது, பிரித்துப் படியுங்கள், ஆனால் படித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த காலம். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரே துண்டு கிடைத்தவர்கள் வேறு வேறு குழுக்களிலிருந்து வந்து கூடிப் படித்தார்கள். பிறகு தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வு மட்டும் எல்லாத் துண்டிலும் எல்லோருக்கும். அடுத்தவன் சொல்வதைக் கேட்காமல் தேற முடியாது என்றானபோது பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். நம் செமினாரில் இந்தக் கடைசிப் படிதான் இல்லை.

மூன்றாவது, ஒத்திகையில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். விலை பேச வேண்டியவருக்கு ஏற்றுமதி வரட்டும், ஏற்றுமதிக்காரருக்கு ஆலை வரட்டும். தட்டுத் தடுமாறியாவது பேசட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குழுவுக்குள் சொல்லப்படாத ஏதோ இருக்கிறது. இந்த ஒத்திகையில் ஒரு நண்பரை அப்ரஸ்துத பிரசங்கத்துக்கு உட்காரவையுங்கள். குறுக்கே பேசட்டும், குதர்க்கமாகக் கேட்கட்டும், "இதனால என்னடா பிரயோஜனம்?" என்று சலித்துக்கொள்ளட்டும். அவரைச் சமாளித்தவர்கள் மேடையில் எந்தப் பேராசிரியருக்கும் பயப்பட மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல குழுக்களில் ஸ்லைடு தயாரிப்பது, படம் ஒட்டுவது, பிரிண்ட் எடுப்பது பெண்பிள்ளைகள். பேசுவதும் பதில் சொல்வதும் பையன்கள். பெண்ணுக்கு வரவேற்புரையும் நன்றியுரையும். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்ற மாணவர் போட்டியில் ஆறு பேர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். விதி பெயரைச் சேர்க்கும், வாயைத் திறக்காது. திருப்பதியில் 1983 முதல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் நடக்கிறது. அங்கே ஸ்லைடு போடுகிறவளும் பெண், வாதாடுகிறவளும் பெண். ஆண் இல்லாத இடத்தில் முடிவது ஆண் இருக்கும் இடத்தில் முடியாமல் போவானேன்? உங்கள் குழுவில் யார் எதைச் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

எந்த மொழியில் புரிந்துகொண்டீர்கள்?

சித்தூரில் பேசும்போது மொழியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, மேடையில் ஆங்கிலம். ஸ்லைடில் உள்ள ஆங்கிலத்தை அவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பது தைரியக் குறைவால் வருவதென்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம், விஷயத்தைத் தம் மொழியில் ஒருமுறைகூடப் பேசிப் பார்க்காததுதான். இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைத்தது, ஆங்கிலத்திலேயே ஸ்லைடுக்குப் போனது, வாசிக்கப்பட்டது. நடுவில் யார் மனத்துக்குள்ளும் அது போய்வரவில்லை.

ஆகவே முதல் ஒத்திகையை ஸ்லைடு இல்லாமல் தெலுங்கிலோ தமிழிலோ செய்யுங்கள். மாந்தோப்பு வைத்திருக்கிற பெரியப்பாவிடம், "நைனா, கூழ் ஏற்றுமதி குறைந்தால் நம்ம காய்க்கு ஏன் விலை இறங்குது தெரியுமா?" என்று தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். அவர் இரண்டு கேள்வி கேட்பார். அந்த இரண்டும் எந்த ஸ்லைடிலும் இருக்காது. அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகலாம், பரவாயில்லை. சொல்கிறவருக்கு விஷயம் தெரிகிறது என்பது அவைக்குப் புரிந்துவிடும்.

மேடைக்குப் பின்னால்

செமினார் முடிந்ததும் என்ன நடக்கிறது? கேன்டீனுக்குப் போகிறோம். "நல்லாத்தான்டா இருந்துச்சு" என்று ஒருவர். "அவன் டைம் எல்லாத்தையும் தின்னுட்டான்" என்று ஒருவர். இரண்டு வாக்கியத்தாலும் அடுத்த செமினாருக்கு ஒரு பயனும் இல்லை.

திரும்பிப் பார்ப்பது எப்படி என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து 2019 ஜூலையில் புறப்பட்ட சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதி நொறுங்கியது. நாடே பார்த்துக்கொண்டிருந்த செமினார் அது. பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? யாரால் என்று தேடவில்லை, எதனால் என்று தேடினார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை கொடுத்திருந்தன. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. கலம் வேகமாகத் திரும்பித் தன்னைச் சரிசெய்துகொள்ள மென்பொருளில் வைத்திருந்த வரம்பு இடம்தரவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்.

சந்திரயான்-3-இல் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றம் இருந்தது. ஐந்து எஞ்சின் நான்கானது. எரிபொருள் கூடியது. கால்கள் பலமாயின. இறங்கும் இடம் 4 கிலோமீட்டர் நீளமும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது. இந்த முறை வெற்றியை வைத்து வடிவமைக்கவில்லை, எதெல்லாம் தவறலாம் என்பதை வைத்து வடிவமைத்தோம் என்று இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் விளக்கினார். 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் இறங்கியது.

மாணவர்களுக்கு நான்கு கேள்வி போதும். அமெரிக்கத் தரைப்படையில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இந்த நான்கையும் கேட்கிறார்கள். பதவி வேறுபாடு பார்க்காமல் யாரும் பேசலாம் என்பது அங்கே விதி. என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? இரண்டுக்கும் ஏன் வேறுபாடு? அடுத்த முறை எதை அப்படியே வைத்துக்கொள்வோம், எதை மாற்றுவோம்?

இரண்டாவது கேள்வியில்தான் கவனம் வேண்டும். "நீ பதற்றமா இருந்தே" என்பது தீர்ப்பு. அதைக் கேட்டவர் ஒன்று மறுப்பார், இல்லையென்றால் சுருண்டுவிடுவார். "மூணாவது ஸ்லைடு ஓடின ரெண்டு நிமிஷமும் நீ திரையையே பார்த்துட்டு இருந்தே" என்பது தகவல். அதை வைத்து வேலை செய்யலாம். ஒருவர் கைபேசியில் பதிவுசெய்துவைத்தால் இந்தத் தகவலுக்குச் சண்டையே வராது. பதிவைப் பார்க்கும்போது ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு, பேசாத நான்கு பேரை மட்டும் பாருங்கள். நண்பர் பேசும்போது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலேயே அது குழுவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பேசி முடித்ததை எழுதிவையுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் போகிற பள்ளிப் பிள்ளைகள் ஆய்வறிக்கையோடு நாட்குறிப்பையும் கொண்டுபோகிறார்கள். என்றைக்கு எங்கே போனோம், யாரைக் கேட்டோம், எது சரிவரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். 1993-இலிருந்து நடக்கிற அந்த மாநாட்டில் பத்து வயதுப் பிள்ளையால் எழுத முடிகிற நாட்குறிப்பைப் பொறியியல் மாணவரால் எழுத முடியாதா?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

இனி ஆசிரியப் பெருமக்களிடம் பேசுகிறேன்.

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமத்துப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா இணையர் ஒரு கற்றல் முறையை உருவாக்கினார்கள். பாடம் அட்டைகளாக இருக்கும், ஏணிப்படியாக ஏறும். பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். சில வட்டங்களில் ஆசிரியர் உதவுவார், சில வட்டங்களில் பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் சென்னையிலிருந்து ஆசிரியர்கள் இங்கே வந்து பார்த்துப் போனார்கள். 2003-இல் சில மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது, 2007-08-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. எட்டு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் என்பதை நாட்டுக்குக் காட்டிய மண் இது. அதே மண்ணில் பதினெட்டு வயதில் "அது என் பார்ட் இல்லை சார்" என்று ஒரு மாணவர் சொல்கிறார் என்றால், நடுவில் பத்தாண்டு நாம் அவரை வரிசையில் உட்காரவைத்து வாய்பொத்தச் சொல்லியிருக்கிறோம் என்பதுதான் காரணம்.

உங்களால் மூன்று மாற்றங்கள் செய்ய முடியும். எந்த மாணவரிடமும் எந்தப் பகுதியிலிருந்தும் கேள்வி கேட்பேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணில் ஒரு பங்கை இந்தப் பதிலுக்கு, ஆளுக்குத் தனியாகக் கொடுங்கள். கத்தச் சொன்ன சோதனையில் கண்ட மருந்து இதுதான். இரண்டாவது, செமினார் முடிந்ததும் அந்த நான்கு கேள்விகளுக்கும் குழு ஒரு பக்கம் எழுதித்தரட்டும். தன் குறையைத் தானே கண்டுசொன்ன குழுவுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். குறைத்தால் அடுத்த குழு பொய் எழுதும்.

மூன்றாவதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். ராக்கெட்டுக்கு மறுமுறை பறக்க வாய்ப்புக் கொடுக்கிறோம். மாணவருக்குக் கொடுப்பதில்லை. ஒரு தலைப்பு, ஒரு செமினார், மதிப்பெண் போட்டாயிற்று, முடிந்தது. அடுத்த செமினாருக்குத் தலைப்பு வேறு, பல நேரம் குழுவும் வேறு. திரும்பிப் பார்த்து என்ன பயன் என்று மாணவர் நினைத்தால் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே பருவத்துக்குப் பத்துத் தலைப்பு என்பதை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே குழு, அதே தலைப்பு, இரண்டு வாரம் கழித்து மறுபடி மேடையேறட்டும். முதல்முறை பத்து நிமிடம் என்றால் இரண்டாம் முறை ஆறு நிமிடம் கொடுங்கள். யார் எந்தப் பகுதி என்பதை மேடையில் சீட்டுப் போட்டுச் சொல்லுங்கள். பாடத்திட்டம் முடியாதே என்பீர்கள். கேட்காத காதுக்குப் பத்துத் தலைப்பு சொல்லி முடித்ததாகக் கணக்குக் காட்டுவதைவிட, ஐந்து தலைப்பு மனத்தில் ஏறினால் போதும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நாளைக்கு நீங்கள் மருத்துவமனையிலோ ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்யப் போகிறீர்கள். நோயாளிக்கு நர்ஸ் சொல்வது டாக்டருக்குத் தெரியாவிட்டால் நோயாளிதான் பாடுபடுவார். கொள்முதல் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் பேச்சில்லாவிட்டால் ஆலை வாசலில் நிற்கிற விவசாயிதான் காத்துக் கிடப்பார். அங்கே "அது என் பார்ட் இல்லை" என்ற பதிலை உங்களால் சொல்ல முடியும், ஆனால் அதன் விலையை வேறொருவர் கொடுப்பார். அடுத்த செமினாருக்கு இன்றே உட்காருங்கள். வேலையைப் பிரிக்கும் முன் அந்த ஒரு வாக்கியத்தை எழுதுங்கள், பிரித்தபின் ஒருவர் பகுதியை மற்றவருக்குச் சொல்லிக்கொடுங்கள், பேசி முடித்த அன்றே நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். உங்கள் ஆசிரியரிடம் போய் இரண்டாவது வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.